எப்போதிலிருந்து?
ஆண்மை ஹார்மோன் சுரக்கும் சூலகக் கட்டிகள்: ஓர் ஆய்வு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தின் பெயரிலேயே பெண்கள் இருக்கிறார்கள். மடவார் என்றால் பெண்கள். அங்கே கோயில் கொண்டிருப்பவர் வைத்தியநாத சுவாமி. பேறுகாலத்தில் துணைக்குத் தாய் வந்து சேராமல் தவித்த பெண்ணுக்கு இறைவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்கிறது தலபுராணம். திருமலை நாயக்கரின் வயிற்று நோய் இந்தச் சன்னதியில் தீர்ந்தது என்பதும் ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பெண்கள் வெளியே சொல்லக் கூசும் ஒரு நோயைப் பற்றி எழுத, பெண்ணும் மருத்துவனும் பெயரால் சேர்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பெண்ணுக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் முரட்டு முடி முளைக்கிறது. கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்துப் பூசுகிறாள். அது போகாதபோது பியூட்டி பார்லரில் த்ரெட்டிங், பிறகு வாரம் தவறாமல் சவரம். மாதவிடாய் நின்றுபோனால் உடம்புச் சூடு என்று வீட்டார் சொல்கிறார்கள். குரல் தடித்தால் சளி. நெற்றியோரம் முடி கொட்டினால் தண்ணீர் சரியில்லை. ஒவ்வொரு அறிகுறிக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

அப்படி ஒன்றாக வைத்துப் பார்த்தால், மிகச் சில பெண்களில் மட்டும், சூலகத்தில் ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு ஆண்மை ஹார்மோனைச் சுரந்துகொண்டிருப்பது தெரியவரும். அந்தச் சிலரைப் பலரிலிருந்து பிரித்தறிய மருத்துவம் என்னென்ன வழிகளைக் கண்டிருக்கிறது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்பதை இந்தக் கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைவிட எப்போதிலிருந்து, எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதுதான் இந்த நோயின் திறவுகோல். இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவதும் அதுவே.

சூலகம் செய்யும் வேலை

டெஸ்டோஸ்டிரோன் ஆணுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஆண்மை ஹார்மோன்களுக்குப் பொதுப்பெயர் ஆண்ட்ரஜன். பெண்ணின் சூலகமும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் நாள்தோறும் ஆண்ட்ரஜன்களைச் சுரக்கின்றன. பெண்ணின் ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் ஏறக்குறையக் கால் பங்கு சூலகத்திலிருந்தும் கால் பங்கு அட்ரீனலிலிருந்தும் வருகிறது. மீதிப் பாதி, ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்னும் முன்னோடி ஹார்மோன் கொழுப்பிலும் தோலிலும் உருமாறுவதால் உண்டாகிறது.

சூலகத்துக்குள் இரண்டு வகைச் செல்கள் கைமாற்றி வேலை செய்கின்றன. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எல்.எச். என்ற ஆணையைக் கேட்டு தீகா செல்கள் ஆண்ட்ரஜனைச் செய்கின்றன. பக்கத்திலிருக்கும் கிரானுலோசா செல்கள் அதை வாங்கி, அதே பிட்யூட்டரியின் எஃப்.எஸ்.எச். என்ற ஆணைப்படி, அரோமடேஸ் என்னும் நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. பெண்மை ஹார்மோன் என்று நாம் சொல்லும் ஈஸ்ட்ரோஜன் ஒவ்வொரு துளியும் ஒரு கட்டத்தில் ஆண்ட்ரஜனாக இருந்ததுதான். இந்தக் கைமாற்றில் ஒரு பக்கம் கட்டறுந்து பெருகினால் ஆண்ட்ரஜன் மாற்றப்படாமல் ரத்தத்தில் வழிகிறது.

பெண்களின் ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக 15 முதல் 70 நானோகிராம் வரை இருக்கும். பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் இந்த எல்லை சற்று மாறும். வளர்ந்த ஆணுக்கு இது சுமார் 300 முதல் 1,000 வரை. பெண்ணின் அளவு ஆணின் அளவை நோக்கி ஏறும்போது மென்மயிர் முரட்டு முடியாகிறது. தலையில் மட்டும் இதற்கு நேர்மாறாக நெற்றியோரமும் உச்சியும் வழுக்கை விழுகின்றன. குரல் நாண்கள் தடித்துக் குரல் கட்டையாகிறது. மார்பகம் சிறுக்கிறது, தசை இறுகுகிறது, பிறப்புறுப்பின் மேல்முனையிலுள்ள கிளிட்டோரிஸ் பெரிதாகிறது. முடி வளர்ச்சியும் முகப்பருவும் மட்டும் இருந்தால் அது ஆண்ட்ரஜன் மிகை. குரலும் வழுக்கையும் கிளிட்டோரிஸ் வளர்ச்சியும் சேர்ந்துகொண்டால் அதை மருத்துவர்கள் வேறு பெயரால், ஆண்தன்மையேற்றம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மிக முக்கியமானது.

பழைய சான்றுகளும் புதிய அறிவும்

மருத்துவ ஏடுகளில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. ஹிப்போகிரட்டஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவக் குறிப்புகளில் அப்டெரா நகரத்து ஃபைதூசா என்னும் பெண் வருகிறாள். பிள்ளை பெற்றவள், கணவன் நாடு கடத்தப்பட்ட பின் மாதவிடாய் நின்று, தாடி முளைத்து, குரல் கரகரத்து இறந்துபோனாள். தாசோஸ் தீவில் இன்னொரு பெண்ணுக்கும் அப்படியே நேர்ந்தது என்று அதே குறிப்பு சொல்கிறது. அவர்களுக்கு இருந்தது என்ன நோய் என்று இன்று யாராலும் அறுதியிட முடியாது. ஆனால் முன்பு நலமாக இருந்தவள், பிறகு மாறினாள் என்ற கால வரிசையை அந்த மருத்துவர் கவனமாக எழுதிவைத்தார்.

ஐரோப்பாவில் 1921-இல் அஷார், தியேர் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் தாடி முளைத்த பெண்களின் நீரிழிவு பற்றி எழுதினார்கள். 1930-களின் தொடக்கத்தில் ஜெர்மானிய நோய்க்கூறியல் அறிஞர் ராபர்ட் மேயர் ஆண்தன்மை உண்டாக்கும் சூலகக் கட்டிகளுக்கு அரினோபிளாஸ்டோமா என்ற பெயரில் இலக்கணம் வகுத்தார். 1935 இரட்டைத் திருப்புமுனை. ஆம்ஸ்டர்டாமில் லாக்கூர் குழுவினர் டெஸ்டோஸ்டிரோனைத் தனியே பிரித்தெடுத்தார்கள். சிகாகோவில் ஸ்டைனும் லெவந்தாலும் இன்று நாம் நீர்க்கட்டி என்று சொல்லும் நோயை விவரித்தார்கள். அதன்பின் ரோசலின் யாலோ உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்புக் கணிப்பு, ரத்தத்தில் துளியினும் துளியாக உள்ள ஹார்மோனையும் அளக்க வழி செய்தது. அதற்காக அவருக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாடியைப் பார்த்து ஊகித்த நோயை எண்ணால் பிடிக்கலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

கட்டிகளில் எத்தனை வகை

செர்டோலி-லைடிக் செல் கட்டி. சூலகக் கட்டிகள் அனைத்திலும் நூற்றுக்கு அரை பங்குக்கும் குறைவு. ஆணின் விதைப்பையில் உள்ள செல்களைப் போன்ற செல்கள் சூலகத்தில் தோன்றுவதே இது. இருபதுகளில் இருக்கும் இளம்பெண்களைத்தான் அதிகம் தாக்குகிறது. பெரும்பாலும் ஒரு பக்கச் சூலகத்தில் மட்டும் வரும். இக்கட்டி வந்தவர்கள் எல்லோரிடமும் ஆண்தன்மை அறிகுறி தெரிவதில்லை. சிலருக்கு வயிற்று வலியும் வீக்கமும் மட்டுமே இருக்கும். டைசர்-1 என்னும் மரபணுவில் ஏற்படும் பிறழ்வு இக்கட்டிகள் பலவற்றுக்குக் காரணம் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தப் பிறழ்வு குடும்பத்தில் இறங்கி வரக்கூடியது. ஆகவே இக்கட்டி வந்த பெண்ணின் வீட்டில் இளவயதிலேயே கழுத்துக் கழலை வந்தவர்கள் உண்டா, குழந்தைகளில் யாருக்காவது நுரையீரல் கட்டி வந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு செல் கட்டி. இன்னும் அரிது, ஆயிரம் சூலகக் கட்டிகளில் ஒன்று. எந்த வயதிலும் வரலாம், நாற்பதுகளில் கூடுதல். ஏறக்குறைய மூன்றில் ஒன்று புற்றுநோய்த் தன்மை கொண்டது. எது அப்படி மாறும் என்று கணிக்க ஹேஸ், ஸ்கல்லி இருவரும் 1987-இல் வகுத்த அளவுகோல்களையே இன்றும் நோய்க்கூறியலார் கையாள்கிறார்கள். செல்கள் பிரியும் வேகம், திசு அழுகல், ரத்தக் கசிவு, செல்களின் உருச்சிதைவு, 7 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ பருமன் ஆகிய ஐந்தும் அவை.

லைடிக் செல் கட்டி. மாதவிடாய் நின்ற பெண்களின் நோய். பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் பட்டாணி அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரைதான் இருக்கும் என்பதால் ஸ்கேன் கண்ணுக்குத் தப்பிவிடும். நுண்ணோக்கியில் ரெய்ங்கே படிகங்கள் என்ற கோல் வடிவப் படிகங்கள் தெரிந்தால் ஐயமில்லை.

இவற்றோடு கிரானுலோசா செல் கட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது வழக்கமாக ஈஸ்ட்ரோஜன் சுரப்பது. அபூர்வமாக ஆண்ட்ரஜனும் சுரக்கும். கர்ப்ப காலத்தில் மட்டும் தோன்றும் லூட்டியோமா தனிக் கதை. தாய்க்கு முடியும் குரல் மாற்றமும் வரலாம், வயிற்றில் பெண் சிசு இருந்தால் அதன் பிறப்புறுப்பும் மாறலாம். ஆனால் பிரசவத்துக்குப் பின் அது தானே சுருங்கிவிடும். இதை அறியாமல் கத்தி வைப்பது வீண்.

கட்டி போலத் தோன்றுபவை

முகத்தில் முடி வளரும் பெண்கள் எல்லோரும் இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவின் அலபாமாவில் ஆண்ட்ரஜன் மிகை கண்ட 873 பெண்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான முடிவில், கட்டி இருந்தவர்கள் இருவர்தான். நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டி நோய், அதாவது பி.சி.ஓ.எஸ். அது பருவமடைந்த காலத்தை ஒட்டித் தொடங்கி ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும். உடல் எடை கூடுவதும் மாதவிடாய் தள்ளிப்போவதும் கூடவே வரும். குரல் பெரும்பாலும் மாறாது.

இன்று ஊருக்கு ஊர் ஸ்கேன் மையம் வந்து, நீர்க்கட்டி என்ற சொல் பள்ளிப் பிள்ளைகள் வாயிலும் புழங்குகிறது. விழிப்புணர்வு வந்தது நல்லது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகும்போது, அந்த 873 பேரில் கட்டியிருந்த இருவரைப் போன்றவளுக்கும் அதே சொல்லும் அதே மாத்திரையும் கிடைத்துவிடுகின்றன. நீர்க்கட்டி மாத்திரையைத் தின்றுகொண்டே கட்டியோடு காலம் தள்ள நேர்கிறது.

நம் பகுதியில் தனியாக நினைவில் வைக்க வேண்டியது பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்ய வேண்டிய நொதி குறைவதால் அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரஜனாகக் கொட்டும் நோய் அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால்தான் தலைகாட்டும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே மணம் முடிப்பதில் தமிழ்நாடு இந்திய மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கிறது. அதனால் சொந்தத்தில் கட்டிக்கொடுத்ததா என்ற கேள்வி இங்கே வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

இன்னும் சில உண்டு. அட்ரீனல் கட்டி, குஷிங் நோய், வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், டேனசால் என்னும் இன்னொரு மருந்து, உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஸ்டீராய்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்க வேண்டும். வயதான பெண்களில் சூலகத் திசு முழுவதும் தடித்து ஆண்ட்ரஜன் சுரக்கும் ஹைப்பர்தீக்கோசிஸ் என்ற நிலை, கட்டியிலிருந்து பிரித்தறிய மிகக் கடினமானது. அது கட்டியே அல்ல. ஆனால் ரத்த அளவைக் கட்டிக்கு நிகராக உயர்த்தும்.

அளப்பதில் உள்ள சிக்கல்

டெஸ்டோஸ்டிரோன் 150, 200 நானோகிராமைத் தாண்டினால் கட்டியைத் தேட வேண்டும் என்பது நீண்டகால வழக்கு. மாதவிடாய் நின்றவர்களுக்கு 100-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. டி.எச்.இ.ஏ.எஸ். என்ற ஹார்மோன் ஏறக்குறைய முழுக்க அட்ரீனலிலிருந்தே வருவதால், அது மைக்ரோகிராம் கணக்கில் 700-ஐத் தாண்டினால் அட்ரீனல் கட்டியின் மேல் ஐயம் விழும். அது இயல்பாக இருந்து டெஸ்டோஸ்டிரோன் மட்டும் எகிறினால் சூலகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த எல்லைகளை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. எல்லைக்குக் கீழே நின்ற கட்டிகளும் உண்டு. எல்லையைத் தாண்டியும் கட்டி இல்லாதவர்களும் உண்டு. சாதாரணக் கூடங்களில் செய்யும் நோயெதிர்ப்பு முறைப் பரிசோதனைகள் ஆண்களின் உயர்ந்த அளவுக்காக உருவானவை. பெண்களின் குறைந்த அளவில் தடுமாறும். நிறை நிறமாலை முறையில் அளப்பது நம்பகமானது, செலவும் கூடுதல். இன்னொரு எச்சரிக்கை நம் பெண்களுக்கு மிகவும் தேவை: முடி உதிர்வதற்காகக் கடையில் வாங்கி விழுங்கும் பயோட்டின் மாத்திரை சில பரிசோதனைகளில் டெஸ்டோஸ்டிரோனை இல்லாத உயரத்துக்குக் காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

யாருக்குப் பரிசோதிப்பது என்பதிலேயே கருத்து மாறியிருக்கிறது. அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் கழகம் 2008-இல், மிதமான முடி வளர்ச்சி மட்டும் உள்ளவர்களுக்கு ஹார்மோன் பரிசோதனை வேண்டாம் என்று சொன்னது. 2018-இல், முடி வளர்ச்சி மதிப்பெண் இயல்பை மீறிய எல்லோருக்கும் பரிசோதிக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. உடலின் ஒன்பது இடங்களில் முடியை மதிப்பிடும் இந்த மதிப்பெண் முறை, 1961-இல் ஃபெரிமன், கால்வே இருவரும் வகுத்ததிலிருந்து வளர்ந்தது. ஒன்பது இடங்களையும் எண்ணும் இந்தக் கணக்கில் காலத்துக்கு இடமில்லை. பத்தாண்டில் சேர்ந்த 15 மதிப்பெண்ணும் நான்கு மாதத்தில் சேர்ந்த 15 மதிப்பெண்ணும் தாளில் ஒன்றுபோலத்தான் தெரியும், நோய் ஒன்றல்ல.

படம் எடுப்பதில் அல்ட்ராசவுண்ட் முதல் படி. ஐயம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. அதிலும் புலப்படாத சிறு கட்டிக்காகச் சூலகச் சிரைகளில் குழாய் விட்டு ரத்தம் எடுத்து இரு பக்கத்தையும் ஒப்பிடும் முறை உண்டு. கைதேர்ந்தவர்கள் உள்ள பெரிய மையங்களிலேயே அது முடியும். அங்கும் எப்போதும் வெற்றி கிடைப்பதில்லை. அதனால் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஸ்கேன் தெளிவாக இருந்தும் அறிகுறி அழுத்தமாக இருந்தால், இரு சூலகங்களையும் எடுத்துப் பரிசோதிப்பதே நியாயமான முடிவாகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற வரியோடு இந்தத் தேடல் முடிந்துவிடக் கூடாது.

நீக்கிய பின்

சிகிச்சை அறுவைதான். பிள்ளை பெற விரும்பும் இளம்பெண்ணுக்குக் கட்டியுள்ள சூலகத்தையும் அதன் கருக்குழாயையும் மட்டும் எடுத்தால் போதும். மறு சூலகம் எல்லா வேலையையும் ஏற்றுக்கொள்ளும். பலருக்கு லேப்ராஸ்கோப்பி முறையிலேயே முடிந்துவிடும். செல்கள் முதிராத, பரவிய கட்டிகளுக்கு மட்டும் கீமோதெரபி தேவைப்படும்.

டெஸ்டோஸ்டிரோன் சில நாட்களிலேயே இயல்புக்கு இறங்குவது இந்த நோயின் பெரிய ஆறுதல். வாரங்களில் மாதவிடாய் திரும்பும். முகப்பரு தணியும். முடி மட்டும் மாதக் கணக்கில் மெல்லக் குறையும். ஏற்கெனவே முரடானவற்றுக்கு லேசர் தேவைப்படலாம். தடித்த குரல் முழுமையாகத் திரும்பாமலே போகலாம். கிளிட்டோரிஸ் ஓரளவே சுருங்கும். நாள் கடந்தால் இழப்பு நிலைத்துவிடும் என்பதால்தான் சீக்கிரம் கண்டறிவதை இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

வாய் திறக்கத் தடை

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தர்ராஜனின் பதக்கம் பாலினப் பரிசோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. அதற்கும் கட்டிக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரு பெண்ணின் உடம்பைத் தெருவில் வைத்து அவள் பெண்தானா என்று தமிழ்நாடே கேட்ட காலம் அது. ஒடிசாவின் துத்தி சந்த் 2014-இல் ஆண்ட்ரஜன் அளவைக் காரணம் காட்டி விலக்கப்பட்டு, விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போராடிச் சென்று 2015-இல் மீண்டும் ஓடினார். இவற்றைப் பார்த்து வளர்ந்த பெண், குரல் மாறும்போது வீட்டுக்குள் ஒடுங்குவதில் வியப்பில்லை. ஹார்மோன் கூடியதால் எவளும் ஆணாகிவிடுவதில்லை. கட்டி கல்லீரலில் வந்தாலும் சூலகத்தில் வந்தாலும் நோயாளி அதே மனுஷிதான்.

பெண்ணின் உடம்பைப் பெண் மருத்துவர் பார்த்தால் பாதித் தயக்கம் போகும் என்பது நம் நாடு முன்பே கற்ற பாடம். ஆண் மருத்துவரை உள்ளே விட மறுத்து ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்து வந்து 1900-இல் வேலூரில் பணி தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. வேலூர் மருத்துவமனை, அடையாறு மருத்துவமனை என்ற இந்த இரண்டு நிறுவனங்களும் பெண்களின் வாய் மூடிய துயரத்திலிருந்து பிறந்தவை.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள அறுவை அரங்குகளுக்குப் போகிறது. அந்தத் தறியிலும் நூற்பாலையிலும் ஷிப்டு பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி. மதுரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 75 கிலோமீட்டர் அளவில். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபின் தூரம் குறைந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைச் செலவைத் தாங்க இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கப் பெண் பணியாளர்கள் வீட்டுப்படி ஏறுகிறார்கள். அவர்கள் கையிலுள்ள கேள்விகளோடு இன்னும் மூன்று சேர்ந்தால் போதும்: முகத்தில் முடி புதிதாக வளர்கிறதா? குரல் மாறியதா? எப்போதிலிருந்து? இதற்குக் கருவி வேண்டாம், செலவு இல்லை.

பழைய குடும்பப் படம் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதும் நல்ல பரிசோதனைதான். போன வருஷப் பொங்கல் படத்தில் இல்லாத தாடி இந்த வருஷம் இருக்கிறது என்றால், அந்தப் படத்தையும் மருத்துவரிடம் எடுத்துப் போகலாம். ஓராண்டுக்குள் முடி வேகமாகப் பெருகியவள், குரல் மாறியவள், மாதவிடாய் நின்ற பின் முகத்தில் முடி கண்டவள் ஆகிய மூவரும் நீர்க்கட்டி என்ற சொல்லோடு திரும்பி வரக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் பார்த்தீர்களா என்று அவர்கள் கேட்க வேண்டும். கேட்க முடியாதவளுக்காக உடன் போகும் அக்காவோ அம்மாவோ கேட்க வேண்டும்.

மடவார் வளாகத்துக் கதையில் பேறுகால வலி கண்டவளுக்குத் தாய் உருவில் ஆள் வந்தது. வேண்டுதலைச் சன்னதியில் சொல்லும் பெண்ணுக்கு, அதையே வெளியே வந்தும் கூசாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மருத்துவராகவோ செவிலியராகவோ பக்கத்து வீட்டுக்காரியாகவோ இருக்கலாம். முகத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல், எப்போதிலிருந்து என்று கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருந்தால் போதும்.